பழைய ஜீப்புகளிற் பிரேக் உணரிகள் பழுதுறுவது ஏன்?

மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் யட்டவத்தவும் ஒன்று. மாத்தளை நகருக்கு வடமேற்கே, இறப்பரும் கொக்கோவும் மிளகும் விளையும் குன்றுகளுக்கிடையே அமைந்த அப்பகுதியின் வீதிகள் ஏறுவதும் இறங்குவதும் வளைவதுமாகவே செல்வன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துவிட்டால், கிளை வீதிகளினின்றும் மண் கரைந்து வந்து தார் வீதியிற் படியும். அக்காலத்தில் அவ்வழியே வாகனஞ் செலுத்துவோர், தம் உயிரையும் பிறர் உயிரையும் பிரேக் மிதியின்மேல் வைத்த ஒரு காலினாற் காக்கின்றனர் என்று கூறுதல் மிகையன்று.

அப்பிரேக்கைச் சார்ந்த ஒரு சிற்றுறுப்பைப் பற்றியதே இக்கட்டுரை. அவ்வுறுப்பு சுண்டுவிரலளவினது, சில்லின் அருகே, கண்ணுக்குப் படாத இடத்தில் இருப்பது. அது பழுதுற்றால் நேர்வது யாது என்பதை விழா மலரொன்றில் விரித்துரைக்க வேண்டுமோ எனச் சிலர் ஐயுறலாம். எம் பழைய மாணவருட் பலர் இன்று பழைய ஜீப்புகளின் உரிமையாளர். இன்றைய மாணவர் பலர் அவ்வீதிகளின் ஓரத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்போர். இவ்விரு சாராருக்கும் பொதுவான பொருள் இதுவாதலின் எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் மூவர், நண்பரொருவரின் பழைய ஜீப்பில் யட்டவத்தப் பக்கமாகச் சென்றுகொண்டிருந்தோம். பாடசாலை விட்ட நேரம். மழை ஓய்ந்து சிறிது பொழுதே ஆகியிருந்தது. ஓர் இறக்கத்தின் அடியிற் பிள்ளைகள் சிலர் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றனர். வண்டி, மனிதன் ஓடும் வேகத்தினும் மிகாத வேகத்தில் வந்துகொண்டிருந்தது. நண்பர் பிரேக்கை மெல்ல மிதித்தார். வண்டி நிற்கப்போகுந் தறுவாயில் மிதி அவர் காலின்கீழ்த் தடதடவென அதிர்ந்தது. வண்டியோ நில்லாது, தன் நீளமளவு முன்னே உருண்டு, பின்னரே நின்றது. பிள்ளைகள் விலகிக்கொண்டமையால் ஒருவருக்குந் தீங்கில்லை. மீற்றர்ப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

நண்பர் முதலில் தம் காலையே நொந்துகொண்டார். பின்னர் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுசென்றார். ஓரிடத்திற் பிரேக் பாட்களை மாற்றினர். மற்றோரிடத்திற் பிரேக் எண்ணெயை மாற்றிக் குழாய்களிலிருந்த காற்றை வெளியேற்றினர். மூன்றாமிடத்தில் மாஸ்டர் சிலிண்டரையே புதிதாகப் பூட்டினர். பணம் போயிற்று, குற்றம் போகவில்லை. நான்காவதாகப் பார்த்த முதிய தொழிலாளி ஒருவர், முன் சில்லொன்றைக் கழற்றி, நாம் மேலே கூறிய சிற்றுறுப்பை வெளியே எடுத்து, அது அமர்ந்திருந்த இடத்தைக் காட்டினார். அங்கே துரு மேடாகத் திரண்டிருந்தது. அதனைச் சுரண்டித் துப்புரவாக்கி உறுப்பை மீண்டும் பொருத்தியதும் வண்டி முன்போல் நின்றது. நகக்கண்ணளவு துரு இரண்டு தொன் எடையுள்ள வாகனத்தை நிற்கவிடாது செய்தது எங்ஙனம்? அதனையே இனி ஆராய்வோம்.

சில்லு ஏன் இறுகிவிடக் கூடாது?

உருளுகின்ற சில்லின் டயரிலே நிலத்தைத் தொடும் பகுதி, தொடுங் கணத்தில் நிலத்தின்மீது வழுக்காது பதிந்து நிற்கின்றது. நாம் நடக்கும்போது பாதம் பதிவதும் அவ்வாறே. பிரேக்கை அளவுக்கு மேல் அழுத்தினால் சில்லு சுழலாது இறுகிவிடும். வண்டியோ ஓடிய வேகத்தினாற் சறுக்கிக்கொண்டு செல்லும். சறுக்கும் இறப்பரின் உராய்வு, உருளும் இறப்பரின் பிடிப்பினுங் குறைவானது என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர். ஈர வீதியில் இவ்வேறுபாடு பின்னும் பெரிது. சில்லு முற்றாக இறுகாமல், வாகனத்தின் வேகத்தினுஞ் சற்றே குறைவாகச் சுழலும்போதுதான் பிடிப்பு மிகுதியாகும். அக்குறைவு நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை இருத்தல் நன்று என்பர்.

இறுகிய சில்லினால் வரும் மற்றொரு கேடு இதனினும் கொடிது. முன் சில்லுகள் இறுகிவிட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினும் வண்டி திரும்பாது. சென்ற நேரிலேயே சறுக்கும். பின் சில்லுகள் முதலில் இறுகிவிட்டாலோ வண்டியின் பின்புறம் முன்னே வரத் தலைப்படும். மலைநாட்டு வளைவொன்றில் இவ்விரண்டும் எத்தகைய விளைவைத் தரும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

பண்டைச் சாரதிகள் இதற்கொரு வழி அறிந்திருந்தனர். வழுக்கும் வீதியிற் பிரேக்கை ஒரே மூச்சாக மிதியாது, விட்டு விட்டு மிதிப்பர். தேர்ந்த காலும் ஒரு விநாடியில் இரண்டு மூன்று முறைக்கு மேல் அவ்வாறு செய்தல் அரிது; அன்றியும், நான்கு சில்லுகளுக்குந் தனித்தனியே செய்தல் எவருக்கும் இயலாது. மனிதக் காலாற் செய்ய இயலாத அப்பணியைப் பொறி ஏற்றுக்கொண்டதே ஏ.பி.எஸ். என்று வழங்கும் இறுகாப் பிரேக் முறையாகும்.

விமானத்தினின்று ஜீப்புக்கு

இம்முறை முதலிற் பயன்பட்டது விமானங்களிலேயாம். ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் சில்லுகள் இறுகினால் டயர் தேய்ந்து வெடிக்கும். இதனைத் தடுக்க இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் 1950களின் தொடக்கத்தில் 'மாக்சரெற்' என்னும் பொறியை அமைத்தனர். அதில் மின்னியல் நுட்பம் எதுவுமில்லை. சுழலும் சிறு பாரச்சில்லொன்றின் விசையே அதனை இயக்கிற்று. 1966 இல் வெளிவந்த ஜென்சன் எப்.எப். என்னும் பிரித்தானியக் கார் இப்பொறியைக் கொண்டிருந்தது. அக்கார் நான்கு சில்லுகளாலும் ஓடுவது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

சில்லுகளின் வேகத்தை மின்முறையால் அளந்து, கணிப்பான் ஒன்றினால் ஆராய்ந்து, பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டியுங் குறைத்தும் நடத்தும் இன்றைய முறையை ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார் 1978 இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகைக் கார்களில் அறிமுகஞ் செய்தனர். தொடக்கத்திற் செல்வர் கார்களில் மட்டும் காணப்பட்ட இது பின்னர் ஏனைய வாகனங்களுக்கும் பரவியது. 1991 இல் வந்த இரண்டாந் தலைமுறை மிட்சுபிஷி பஜிரோ, இரு சில்லு ஓட்டத்திலும் நான்கு சில்லு ஓட்டத்திலும் பயன்படத்தக்க ஏ.பி.எஸ். முறையைக் கொண்டிருந்தது. எனவே நம் நாட்டிற் பொதுவாக 'ஜீப்' என்றே அழைக்கப்படும் உயர்ந்த வாகனங்களில், முப்பதாண்டுக்கு மேற்பட்ட ஏ.பி.எஸ். பொறிகளும் இன்று ஓடிக்கொண்டிருக்கக் காண்கிறோம்.

உணரி வேலை செய்யும் விதம்

ஏ.பி.எஸ். முறைக்கு மூன்று அங்கங்கள் உண்டு. சில்லின் வேகத்தைச் சொல்லும் உணரி ஒன்று. உணரிகள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யும் கணிப்பான் ஒன்று. அம்முடிவின்படி எண்ணெயின் அழுத்தத்தை மாற்றும் வால்வுகளும் பம்பியும் அடங்கிய தொகுதி ஒன்று. கராஜில் 'சென்சர்' எனப்படுவது இம்மூன்றுள் முதலாவது.

பழைய ஜீப்புகளின் உணரி மிக எளிய அமைப்பினது. ஒரு நிலைக்காந்தம், அதன் முனையைச் சுற்றி நுண்ணிய செப்புக் கம்பிச்சுருள், அதற்கெதிரே, சில்லோடு கூடச் சுழலும் இரும்புப் பல்வளையம்: இவ்வளவே. பல்லொன்று காந்தத்தின் எதிரே வரும்போது காந்தப்புலம் வலுக்கிறது. பல்லிடைப் பள்ளம் வரும்போது தளர்கிறது. காந்தப்புலம் மாறுமிடத்துக் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பது 1831 இல் மைக்கேல் பரடே கண்ட உண்மை. கல்லூரி ஆய்வுகூடத்திற் காந்தத்தைச் சுருளினுள்ளே செலுத்தி முள் அசைவதைப் பார்த்தோமன்றோ? அப்பாடமே இங்கு சில்லின் அருகிலிருந்து வேலை செய்கின்றது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஜீப் ஒன்றின் டயர்ச் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீற்றர் என்றும், பல்வளையத்தில் 48 பற்கள் உள்ளன என்றும் கொள்வோம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் என்பது விநாடிக்கு 10 மீற்றர். அப்பொழுது சில்லு விநாடிக்கு நான்கு சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழலும். உணரியிலிருந்து விநாடிக்கு 200 துடிப்புகள் கணிப்பானுக்குச் செல்லும். மணிக்கு 5 கிலோமீற்றரில் அவை 28 ஆகக் குறையும். துடிப்பின் எண்ணிக்கை மட்டுமன்றி, அதன் வலிமையும் வேகத்தோடு சேர்ந்து குறைகின்றது என்பதே இங்கு முக்கியமானது. மெல்லச் சுழலும் சில்லிலிருந்து வருவது ஓர் உவோற்றின் சிறு பின்னமேயாம். ஆகவேதான் வண்டி நடைவேகத்துக்கு இறங்கியதும் கணிப்பான் உணரிகளைக் கேட்பதை நிறுத்தி, பிரேக்கைச் சாரதியின் காலுக்கே விட்டுவிடுகின்றது.

1990களின் பிற்பகுதி முதல் வேறொரு வகை உணரியும் வழக்குக்கு வந்தது. அது கணிப்பானிலிருந்து மின்சாரம் பெற்று, காந்தப்புல மாற்றத்தை நுண்சில்லினால் அறிந்து, ஒரே அளவான துடிப்புகளை அனுப்புவது; மிக மெதுவான வேகத்தையும் அறியவல்லது. இவ்விரு வகையையும் பிரித்தறிதல், பின்னர்க் கூறப்போகும் சோதனைக்கு இன்றியமையாதது.

மௌனமும் பொய்யும்

உணரி பழுதுறும் வகைகளை இரண்டாக வகுக்கலாம். ஒன்று மௌனம், மற்றொன்று பொய்.

கம்பி அறுந்தோ, இணைப்பிற் பச்சைக்களிம்பு பிடித்தோ, உணரியிலிருந்து யாதொரு செய்தியும் வாராதொழிவது மௌனம். கணிப்பான் இதனை எளிதில் அறிந்துகொள்ளும். மூன்று சில்லுகள் ஓட, ஒன்று மட்டும் நிற்பதாகத் தோன்றினால், அல்லது மின்சுற்று அறுந்திருந்தால், அது ஏ.பி.எஸ். முறையை நிறுத்தி மஞ்சள் விளக்கை ஏற்றிவிடும். அந்நிலையிற் சாதாரண பிரேக் முன்போலவே வேலை செய்யும். இழந்தது இறுகாமற் காக்கும் காவலை மட்டுமே. அவ்விழப்பும் சாரதிக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது. ஆதலின் மெதுவாகச் சென்று பழுது பார்த்துக்கொள்ளலாம்.

பொய்யுரைக்கும் உணரியே அஞ்சத்தக்கது. உணரியின் முனைக்கும் பல்வளையத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே. உணரி அமர்ந்திருக்கும் இரும்புப் பரப்பு துருவேறினால், துரு இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைப்பதாகலின், உணரியை மெல்ல மெல்ல மேலே தள்ளும். இடைவெளி அரை மில்லிமீற்றர் கூடினாலும் துடிப்பின் வலிமை வெகுவாகத் தளர்ந்துவிடும். வேகமாகச் செல்லும்போது, தளர்ந்த துடிப்பும் கணிப்பானுக்கு எட்டுகின்றது; குற்றம் வெளிப்படுவதில்லை. வண்டி நிற்கப்போகும் வேளையிலோ, ஏனைய சில்லுகளின் துடிப்பு இன்னும் வந்துகொண்டிருக்க, அவ்வொரு சில்லின் துடிப்பு மட்டும் காலத்துக்கு முன்னரே மங்கி மறைகின்றது. கணிப்பான் என்ன நினைக்கும்? 'அச்சில்லு இறுகிவிட்டது' என்று நினைத்து, அதன் பிரேக்கைத் தளர்த்தும். சாரதி காலை அழுத்த அழுத்த, பொறி பிரேக்கை விட்டுக்கொண்டேயிருக்கும். மிதி அதிர்வது அதனாலேயாம்.

மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 2.8 மீற்றர் செல்லும். பொறி ஒன்றரை விநாடி ஏமாந்தால் வண்டி நான்கு மீற்றர் முன்னே சென்றுவிடும். பஸ் நிறுத்தத்திற் பிள்ளைகள் நிற்பது வீதியின் விளிம்பிலிருந்து நான்கு மீற்றர் தள்ளியன்று. எம் நண்பரின் ஜீப்பில் நிகழ்ந்தது இதுவே. உணரி முற்றும் சாகாதபடியால் விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியாதபடியால் மூன்று கராஜ்களும் உணரியை நோக்கவில்லை.

எட்டு இலட்சம் வாகனங்களின் படிப்பினை

இக்குற்றம் ஒரு தனி வண்டிக்கு நேர்ந்த விபரீதம் என்று எண்ணற்க. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் 2005 ஆம் ஆண்டில், ஏறத்தாழ எட்டு இலட்சம் பிக்கப் வாகனங்களையும் ஜீப் வகை வாகனங்களையும் இதே காரணத்துக்காகத் திருத்தத்துக்கு அழைத்தனர். 1999 முதல் 2002 வரையான ஆண்டுகளுக்குரிய ஷெவர்லே டாஹோ, சபர்பன், ஜீ.எம்.சி. யூக்கோன் முதலியன அவற்றுள் அடங்கும். முன் சில்லின் அச்சுக்குடத்துக்கும் உணரிக்கும் இடையே துருவேறுதலும், அதனால் மெதுவான வேகத்தில் ஏ.பி.எஸ். வேண்டாதபோது இயங்கி வண்டி நிற்கும் தூரம் நீளுதலுமே குற்றமாகக் காணப்பட்டன.

அழைக்கப்பட்டவை பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவும் மாநிலங்களின் வாகனங்கள் என்பது கவனிக்கத்தக்கது. பனிக்கட்டியை உருக்க இடும் உப்பே இரும்பை அரித்தது. அதற்குச் செய்த பரிகாரமும் பெரிதன்று. உணரியைக் கழற்றி, அமருமிடத்தைத் துப்புரவாக்கி, துருக்காப்புப் பூசி மீண்டும் பொருத்துதலே. யட்டவத்தப் பகுதியில் நாம் கண்ட முதிய தொழிலாளியின் கைவேலையும் பெரும்பாலும் அதுவேயன்றோ!

நம் வீதிகளிற் காரணம் யாது?

நமது நாட்டிற் பனியுமில்லை, வீதியில் உப்புமில்லை. ஆயினும் துருவுக்கு வேண்டிய பிறவெல்லாம் உண்டு. முதலாவது மழையும் சேறும். தோட்டத்து வழிகளில் ஓடும் ஜீப்பின் அடிப்பாகம் மாதக்கணக்கில் ஈரமண் அப்பியபடியே இருக்கின்றது. இரண்டாவது, வண்டி வந்த வழி. நம்மிடையே ஓடும் ஜீப்புகளுள் மிகப் பல யப்பானிலே சில காலம் ஓடியபின் இங்கு வந்தவை. அந்நாட்டின் பனிபெய்யும் பகுதிகளிலும் வீதியில் உப்பு வகைகள் இடப்படுகின்றன. அங்கே தொடங்கிய துரு இங்கே வளர்கின்றது. மூன்றாவது, கரையோரத்தின் உப்புக்காற்று. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பல்லாண்டு நின்ற வண்டி மலைநாட்டுக்கு வரினும், தன் துருவையும் உடன் கொண்டே வரும்.

துருவன்றியும் காரணங்கள் உண்டு. உணரியின் முனை காந்தமாதலால், பிரேக் டிஸ்கும் பாட்களும் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் அதிற் தாடிபோல் ஒட்டிக்கொள்ளும். பெயாரிங் தேய்ந்து சில்லு ஆடினால் இடைவெளி ஒரு சுற்றிலேயே கூடியுங் குறைந்தும் மாறும். சில்லு மேலும் கீழும் அசையுந்தோறும் உணரியின் கம்பியும் வளைந்து நிமிர்கின்றது. பன்னூறாயிரம் முறை வளைந்த செப்புக்கம்பி, வெளித்தோல் நன்றாயிருக்க உள்ளே அறுந்துவிடும். பல்வளையம் துருவினால் வீங்கி வெடித்தலும், கல் பட்டுப் பல்லொடிதலும் உண்டு. நான்கு டயர்களும் ஒரே அளவின அல்லாவிடின், உணரி உண்மை சொல்லினும் கணிப்பான் ஐயுறும்.

ஆராயும் முறை

ஆகவே, விளக்கு எரிந்தவுடன் புதிய உணரி வாங்க ஓடுதலும், விளக்கு எரியாதமையால் உணரி நன்று என்று துணிதலும் ஒருங்கே தவறாம். ஆராய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதலில், எந்தச் சில்லிற் குற்றம் என்பதைக் கணிப்பானிடமே கேட்டல் வேண்டும். பழைய வாகனங்கள் பலவற்றில், குறித்த இரு முனைகளை இணைத்தால் எச்சரிக்கை விளக்கே மின்னி மின்னிக் குற்றத்தின் எண்ணைச் சொல்லும். பிந்தியவற்றுக்குச் சோதனைக் கருவி வேண்டும். பின்னர் அச்சில்லின் கம்பியைத் தொடக்கமுதல் முடிவுவரை கண்ணாற் பார்த்து, இணைப்பைக் கழற்றித் துடைத்தல் வேண்டும். செலவில்லாத இவ்வேலையிலேயே குற்றம் தீர்ந்துவிடுதலும் உண்டு.

மூன்றாவதாக, கம்பிச்சுருள் வகை உணரியாயின், அதன் மின்தடையை மீற்றரால் அளக்கலாம். பெரும்பாலும் அது ஓராயிரம் ஓம் முதல் இரண்டாயிரம் ஓம் வரையில் இருக்கும். சரியான அளவு அவ்வவ் வாகனத்தின் கைந்நூலிற் கிடைக்கும். கம்பியை அசைத்துக்கொண்டே அளந்தால் உள்முறிவும் வெளிப்படும். புதுவகை உணரியை இவ்வாறு ஓம் அளவிற் சோதித்தலாகாது. அது கெடவும் கூடும். நான்காவதாக, வண்டியை உயர்த்தி, சில்லைக் கையாற் சுழற்றி, தோன்றும் ஆடலோட்ட மின்னழுத்தத்தை அளத்தல். நான்கு சில்லுகளையும் ஒரே வேகத்திற் சுழற்றி ஒப்பிட்டால், மூன்று ஒத்திருக்க ஒன்று மெலிந்திருப்பது தெரியவரும். பொய்யுரைக்கும் உணரியைக் காட்டிக்கொடுப்பது இச்சோதனையே.

இறுதியாக உணரியைக் கழற்றி அமருமிடத்தைப் பார்த்தல் வேண்டும். துருப்பிடித்த உணரியைத் திருகியிழுத்தால் உடைந்துவிடும். துருவிளக்கும் எண்ணெயிட்டுப் பொறுத்திருந்து எடுத்தல் நன்று. துருவைச் சுரண்டி, மணற்றாளால் தேய்த்து, பல்வளையத்தையும் துடைத்து, சில்லின் ஆட்டத்தையும் சோதித்தபின் பொருத்துக. பின்னர் ஆளில்லாத சமநிலத்தில், மெதுவான வேகத்திலிருந்து பலமுறை நிறுத்திப் பார்த்தே வீதிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

செய்யத்தகாதவை

இனி நாம் வருத்தத்தோடு கூற வேண்டியவை இரண்டுள. ஒன்று, எரியும் எச்சரிக்கை விளக்கைக் கழற்றிவிடுதல், அல்லது அதன்மேற் கறுப்பு நாடாவை ஒட்டுதல். விற்கப்போகும் வண்டிக்கு இவ்வாறு செய்வோர் உளர். வாங்குவோர் இதனை எளிதிற் கண்டுகொள்ளலாம். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு சில விநாடி எரிந்து பின் அணைய வேண்டும். முதலிலிருந்தே எரியாவிடின், பெரும்பாலும் விளக்கு அகற்றப்பட்டது என்றே கொள்க.

மற்றொன்று, பொய்யாக இயங்கும் ஏ.பி.எஸ். முறையின் பியூஸைப் பிடுங்கிவிடுதல். 'பழைய காலத்தில் ஏ.பி.எஸ். ஏது? நாம் ஓட்டவில்லையா?' என்பர். ஆனாற் பழைய வாகனத்திற் பின் சில்லுகள் முன்னதாக இறுகாதபடி காப்பதற்கெனத் தனி வால்வு ஒன்று இருந்தது. பிந்திய ஜீப்புகளில் அவ்வேலையையும் ஏ.பி.எஸ். கணிப்பானே செய்கின்றது. அத்தகைய வண்டியிற் பியூஸைப் பிடுங்கினால், பழைய காலத்து வண்டி கிடைப்பதில்லை. பழைய காவலும் புதிய காவலும் ஒருங்கே இழந்த வண்டியே கிடைக்கும். மஞ்சள் விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரியுமாயின் நிலைமை அத்தகையது என்றறிந்து வண்டியை நிறுத்துதல் வேண்டும். அன்றியும், 1995 இற்குப் பின் வழக்குக்கு வந்த சறுக்குக்காப்பு முறையும் இதே உணரிகளை நம்பியே வேலை செய்வது. உயர்ந்த உடலும் குறுகிய நிலையும் கொண்டு, வளைவிற் கவிழும் இயல்புள்ள ஜீப்புக்கு அதன் இழப்பு சிறிதன்று.

பொறியின் எல்லை

ஏ.பி.எஸ். இருப்பின் எவ்வேகத்திலுஞ் செல்லலாம் என்று எண்ணுவாருக்கும் ஒரு சொல். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009 இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வின்படி, உயிர்ச்சேதமில்லாத விபத்துகளை ஏ.பி.எஸ். கார்களில் நூற்றுக்கு 6 வீதமும், ஜீப், வான், பிக்கப் வகைகளில் 8 வீதமும் குறைத்துள்ளது. உயிர்ச்சேத விபத்துகளின் மொத்தத்திலோ ஏறத்தாழ மாற்றமே இல்லை. தளர்ந்த சரளைக்கல் வழியில், இறுகிய சில்லு தன்முன்னே கல்லைக் குவித்து நிற்க, இறுகாத சில்லு அதன்மேல் உருண்டு செல்வதால், நிற்கும் தூரம் கூடுவதும் உண்டு. தோட்டத்துச் சரளை இறக்கங்களில் இதனை மறத்தலாகாது. பொறி உதவுவது, வேகத்தை அளந்து செல்பவனுக்கே.

நம் நாட்டில் 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அவ்வைந்தாண்டுகளில் இருந்த வண்டிகளையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. பலர் கை இன்றும் பழைய வண்டிக்கு மேல் எட்டுவதில்லை. அதில் இழிவொன்றுமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெறுமுன் நம் ஜீப் விடும் புகையைச் சோதிக்கின்றோம். அது நிற்கும் விதத்தையும் அவ்வாறே சோதித்தல் உரிமையாளரின் கடமை. ஒவ்வோராண்டும் ஐப்பசி மழைக்கு முன், ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, நான்கு சில்லுகளின் உணரிகளையும் கழற்றித் துடைத்துப் பொருத்துவித்தால் போதும். அதற்காகும் கூலி, தேவையின்றி மாற்றப்படும் ஒரு மாஸ்டர் சிலிண்டரின் விலையிற் சிறு பங்கே.

மாணவருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பரடேயின் விதியைப் பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடாதீர். உங்கள் வீட்டில் ஜீப் இருந்தால், அதன் சில்லருகே அவ்விதி வேலை செய்வதைத் தந்தையாரிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். 'நிற்கும்போது மிதி அதிர்கிறதா?' என்றும் கேளுங்கள். அதிர்கிறது என்று அவர் சொல்வாராயின், விளக்கு எரியாவிடினும் அவரை அன்றே கராஜுக்குச் செல்லச் சொல்லுங்கள். யட்டவத்த வீதியின் ஓரத்தில் அன்று நின்ற பிள்ளைகள் விலகிக்கொள்ள இடமிருந்தது. எல்லா இறக்கத்திலும் அவ்விடம் இருப்பதில்லை.